கிராமபோனுக்குப் புளி வேண்டாம்!

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது, திருத்துறைப்பூண்டி பக்கத்தில் கூரை இழந்த வீடுகள் ஏராளம். அப்படி ஒரு வீட்டில் நெல் மூட்டைகளோடு தாத்தா காலத்து கிராமபோனும் நனைந்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைத் தெருவே திண்ணையில் உட்கார்ந்து கேட்ட பெட்டி அது.

மழை விட்டதும் மருமகள் புளியும் சாம்பலும் எடுத்து வந்தார்.

“குத்துவிளக்கு மாதிரி பளபளன்னு ஆக்கிடுறேன் மாமா.”

“வேணாம்மா. இது விளக்கு இல்ல” என்று தடுத்தார் பெரியவர்.

அவர் சொன்னது சரிதான். நாச்சியார்கோயில் விளக்கு முழுக்கப் பித்தளை. எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே இருப்பதும் பித்தளைதான். கிராமபோனின் ஊசிக்கையில் இருப்பதோ மெல்லிய நிக்கல் பூச்சு. வயலின் மேல்மண் மாதிரி, போனால் போனதுதான். மஞ்சளாகத் தெரிவது அழுக்கல்ல, பூச்சு தேய்ந்த இடம்.

இப்படி நனைந்த பெட்டி உங்கள் வீட்டிலும் இருந்தால், முதலில் ஊசி மாட்டும் சவுண்ட் பாக்ஸைத் தனியே கழற்றி வையுங்கள். உள்ளே இருக்கும் மைக்கா தகட்டில் ஈரமோ எண்ணெயோ படக் கூடாது. மற்ற பாகங்களைத் தையல் மிஷின் எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் மெதுவாகத் துடைத்து, உலர்ந்த துணியால் எண்ணெயை ஒற்றி எடுங்கள். ஸ்பிரிங் டப்பாவை மட்டும் திறக்காதீர்கள். தெறித்தால் கையைக் கிழித்துவிடும்.

புதிதாக நிக்கல் ஏற்றவும் கடைகள் உண்டு. ஆனால், பழைய பூச்சை உராய்ந்து எடுத்த பிறகே ஏற்றுவார்கள். பொறித்த எழுத்துகளும் மழுங்கிவிடும். பெரியவருக்கு அதில் விருப்பமில்லை. “அந்த மஞ்சள் எங்கப்பா விரல் பட்ட இடம்” என்கிறார்.

இப்போது பொங்கலன்று பெட்டிக்குச் சாவி கொடுப்பது மருமகள்தான். தட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி மாட்டுகிறார். தேய்ந்த ஊசி தட்டைக் கீறிவிடும்.