எறும்பு மேடேறினால்

நன்னூலில் காலவழுவமைதியை நடத்தும்போது மாணவர்கள் தவறாமல் சிரிக்கும் இடம் ஒன்று உண்டு. விரைவு, மிகுதி, தெளிவு போன்ற காரணங்களால் ஒரு காலத்தை இன்னொரு காலத்தால் சொல்லலாம் என்று பவணந்தியார் இசைவு தருகிறார். தெளிவுக்கு உரைகாரர்கள் காட்டும் சான்று எறும்பு. அது முட்டையைச் சுமந்துகொண்டு மேட்டில் ஏறிவிட்டால் மழை பெய்தது என்றே சொல்லிவிடலாமாம். பெய்யும் என்றல்ல, பெய்தது. இனி வரவேண்டிய மழையை இறந்தகாலத்தில் முடித்துவைக்கும் துணிவு! "பெய்யலைன்னா, மேடம்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். இலக்கணத்தில் அதற்கு விடை இல்லை. அந்தக் கேள்வியை நான் ஒழுங்காக எண்ணிப் பார்க்கக் கற்றது, சற்றும் தொடர்பில்லாத ஓரிடத்தில்: அமெரிக்கக் கால்பந்தில்.

என் தம்பி பல்லாண்டுகளாக நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ நகரில் வாழ்கிறான். பனிக்கும் தோல்விக்கும் பெயர்பெற்ற ஊர் அது. அவ்வூரின் பில்ஸ் அணி 1991 முதல் 1994 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து சூப்பர் பவுல் எனும் இறுதியாட்டத்திற்குச் சென்று நான்கிலும் தோற்றது. முதல் தோல்வி ஒரே ஒரு புள்ளியில், 20-19. கடைசி நொடிகளில் ஸ்காட் நார்வுட் உதைத்த பந்து கம்பத்திற்கு வலப்புறமாக விலகிச் சென்றது. மூன்று தலைமுறையாக அந்த ஊர் அந்தப் பந்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் குடியேறியவன் வருங்காலத்தைக் கணிக்கப் புறப்பட்டதில் வியப்பில்லை.

ஜனவரிதோறும் அவனும் அலுவலக நண்பர்களும் பிளே-ஆஃப் ஆட்டங்களின் முடிவை முன்கூட்டிச் சொல்லும் போட்டி ஒன்றை நடத்துகிறார்கள். என்னையும் அதில் சேர்த்துக்கொண்டான். காசு கிடையாது. (வள்ளுவரின் சூது அதிகாரத்தை வகுப்பில் நடத்துகிறவள் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.) லீகில் 32 அணிகள், 2021 முதல் அணிக்கு 17 ஆட்டங்கள், அவற்றின் பயனாக 14 அணிகள் பிளே-ஆஃப் செல்லும். பிறகு மொத்தம் 13 ஆட்டங்கள். தோற்றால் வீடு. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் இச்சுற்று ஏழு ஆட்டத் தொடர்களாக நடக்கும். நான்கை வென்றவர் மேலே செல்வார். நல்ல அணி ஒருநாள் சறுக்கினாலும் எழுந்துகொள்ள அங்கே இடமுண்டு. இங்கே ஒரே ஒரு மாலைப்பொழுது.

தம்பியின் போட்டியில் யார் வெல்வார் என்று மட்டும் எழுதக் கூடாது. எத்தனை விழுக்காடு என்று எழுத வேண்டும். மதிப்பெண் முறையை அவர்கள் வானிலைத் துறையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். கிளென் பிரையர் என்ற அமெரிக்க வானிலையாளர் 1950இல் வகுத்த முறை அது. (எறும்புக்குப் பின் மழையைக் கணிக்க வந்தவர்!) சொன்ன எண்ணுக்கும் நிகழ்ந்ததற்கும் உள்ள தொலைவை இருமடி ஆக்குவதுதான் கணக்கு. 70 விழுக்காடு என்று சொன்ன அணி வென்றால் 0.09 தண்டம், தோற்றால் 0.49. நூறு என்று சொல்லித் தோற்றால் முழுதாக 1. எல்லாவற்றுக்கும் ஐம்பது என்று எழுதி ஒளிந்துகொள்பவருக்கு ஆட்டத்திற்கு 0.25 நிச்சயம். குறைந்த தண்டம் பெற்றவரே வெற்றியாளர். இறந்தகாலத்தில் பேசுகிறவனை இம்முறை மன்னிப்பதே இல்லை.

மன்னிக்காததற்குக் காரணம் உண்டு. பந்தய நிறுவனங்கள் ஆட்டத்திற்கு முன், இவ்வணி இத்தனை புள்ளி வேறுபாட்டில் வெல்லும் என்று ஓர் எண்ணை வெளியிடும். கோடிக்கணக்கான பணம் நிற்கும் எண் என்பதால் கவனமாகக் கணக்கிடப்பட்டது. ஹால் ஸ்டெர்ன் என்ற புள்ளியியலாளர் 1991இல் வெளியிட்ட கட்டுரையில் அந்த எண்ணை உண்மை முடிவுகளோடு ஒப்பிட்டார். சராசரியாகப் பார்த்தால் எண் சரியே. ஆனால் தனித்தனி ஆட்டங்களில் முடிவு அதனின்று விலகும் அளவு, அதாவது திட்டவிலக்கம், ஏறக்குறைய 14 புள்ளிகள், இரண்டு டச்டவுன்கள். ஆக மூன்று புள்ளி வேறுபாட்டில் வெல்லும் எனப்பட்ட அணி உண்மையில் வெல்ல 59 விழுக்காடு வாய்ப்பே உண்டு. ஏழு புள்ளி எனப்பட்ட அணிக்கு 69. ஒவ்வோர் ஆட்டத்தையும் 65 விழுக்காடு திறத்தோடு கணிக்கும் வல்லுநர் ஒருவர், பதின்மூன்றையும் சரியாகச் சொல்ல ஏறத்தாழ 270 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வாய்க்கும். சீடர் கூட்டம் சேர்ப்பதற்கு அவருக்கு அந்த ஓர் ஆண்டு போதும் என்பது வேறு செய்தி.

தெளிவோடு சொல்லி வென்றவர் இல்லாமல் இல்லை. 1969 ஜனவரியில் நியூயார்க் ஜெட்ஸின் குவார்ட்டர்பேக் ஜோ நேமத், ஆட்டத்திற்கு மூன்று நாள் முன் மயாமியில் வெற்றிக்கு உறுதியளித்தார். பால்டிமோர் கோல்ட்ஸ் 18 புள்ளியில் வெல்லும் என்பது பந்தய எண். ஜெட்ஸ் 16-7 என வென்றது. ஐம்பதாண்டுகளுக்குப் பிறகும் அமெரிக்கர்கள் அச்சொல்லைக் கல்வெட்டுப்போல் போற்றுகிறார்கள். 2004 ஜனவரியில் கிரீன் பே நகரில் கூடுதல் நேரத்திற்கான காசு சுண்டலில் வென்ற சியாட்டிலின் மேத்யூ ஹாசல்பெக், பந்து எங்களுக்கே, புள்ளி எடுக்கப் போகிறோம் என்று நடுவரின் ஒலிவாங்கியில் கேட்கும்படி சொன்னார். சிறிது நேரத்தில் அவர் எறிந்த பந்தை எதிரணியின் ஆல் ஹாரிஸ் பிடித்துக்கொண்டு ஓடி ஆட்டத்தை முடித்தார். ஒரே இலக்கணம், ஒரே துணிவு. ஒருவர் தீர்க்கதரிசி, மற்றவர் நகைச்சுவைத் துணுக்கு.

எனக்கு இதைவிடச் சுவையானது, ஆட்டம் முடிந்தபின் எழுதப்படுவது. 2008 பெப்ரவரியில், அதுவரை ஆடிய 18 ஆட்டங்களையும் வென்றிருந்த நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 17-14 எனத் தோற்றது. டேவிட் டைரி ஒரு கையால் பந்தைத் தன் தலைக்கவசத்தோடு அழுத்திப் பிடித்தவாறு விழுந்தாரே, அந்தப் பிடி நழுவியிருந்தால் கதையே வேறாக இருந்திருக்கலாம். மறுநாள் தொட்டு எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. ஐந்து வாரங்களுக்கு முன் இதே அணிகள் மோதியபோது வேறுபாடு மூன்றே புள்ளிதானே என்றார்கள். எறும்பைத் தேடிக் கண்டுபிடிப்பதெல்லாம் மழை பெய்த பிறகுதான். இலக்கிய வரலாற்றிலும் நாம் செய்வது இதுதானே? மறக்கப்பட்ட கவிஞன் மறக்கப்படவேண்டியவனே என்று எவ்வளவு எளிதாக நிறுவிவிடுகிறோம்!

2020 ஜனவரி 11 அன்று, பருவத்தில் 14 ஆட்டங்களை வென்று இரண்டில் மட்டும் தோற்றிருந்த பால்டிமோர் ரேவன்ஸ், டென்னசி டைட்டன்ஸிடம் 28-12 எனத் தோற்று வெளியேறியது. தம்பி ரேவன்ஸுக்கு 78 எழுதியிருந்தான். 0.61 தண்டம். "எழுபத்தெட்டுன்னா இருபத்திரண்டும் உண்டுன்னுதானே அர்த்தம்" என்று அமைதியாக மின்னஞ்சல் அனுப்பினான்.

அடுத்த வாரம் அம்மாவுக்கு இதய வால்வில் அறுவை. வயதையும் சர்க்கரையையும் கணக்கில் கொண்டால் எழுபது விழுக்காடு என்றார் மருத்துவர். நேர்மையான மனிதர். தம்பிக்கு விமானச்சீட்டு இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்திருந்தது. தொலைபேசியில் அந்த எண்ணைச் சொன்னேன். எழுபது என்றால் என்னவென்று என்னைவிட நன்கறிந்தவன். ஏழு புள்ளி முன்னணி. சற்று நேரம் பேச்சில்லை.

"அக்கா, அதெல்லாம் வேண்டாம். அம்மா பொழச்சுக்குவாங்களா, மாட்டாங்களா? ஒரே வார்த்தைல சொல்லு."

"பொழச்சுட்டாங்கடா" என்றேன். அம்மாவை அப்போதுதான் உள்ளே அழைத்துச் சென்றிருந்தார்கள்.

முல்லைப்பாட்டில், போருக்குச் சென்றவன் மீள்வானா என்று அறிய முதுபெண்டிர் ஊர்ப்புறத்தில் நெல்லும் முல்லையும் தூவி விரிச்சி கேட்டு நிற்பார்கள். துயருற்று அலமரும் கன்றிடம் ஆயர்மகள் ஒருத்தி, உன் தாய் இப்போது வந்துவிடுவாள் என்று சொல்வது காதில் விழும். அந்த நற்சொல்லை எடுத்துக்கொண்டு போய்த் தலைவியைத் தேற்றுவார்கள். அவள் கண்ணீர் நிற்பதில்லை. அவர்கள் சொன்னதில் பொய் இல்லை, அறிவும் இல்லை. காத்திருப்பதற்கு ஒரு சொல் இருந்தது, அவ்வளவே. முதுபெண்டிரை மூடநம்பிக்கை என்ற தலைப்பின்கீழ் அடைக்கும் ஆய்வேடுகளைப் படிக்கும்போது எனக்கு இப்போது சலிப்பே வருகிறது.

அம்மா பிழைத்தார். இப்போதும் காலையில் தம்பியை அழைத்து அங்கே பனியா என்று விசாரிக்கிறார். அறுவைக்குப் பத்து நாள் சென்று, மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருக்கையில் அவன் தன் பழைய நிலைக்கு மீண்டிருந்தான். "டாக்டர் சொன்ன எழுபது சரிதான்னு இதுல நிரூபணம் ஆகாதுக்கா. ஒரே ஒரு ஆட்டம்" என்றான்.

2022 ஜனவரியில் அவன் பில்ஸ் அணி 13 நொடி மீதமிருக்கையில் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸைவிட 36-33 என முன்னணியில் இருந்தது. அந்தப் பதின்மூன்று நொடிக்குள் சீஃப்ஸ் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் காசு சுண்டலில் வென்றது, பந்தைப் பெற்றது, டச்டவுன் எடுத்தது, 42-36. கூடுதல் நேரத்தில் பஃபலோவின் தாக்கும் வரிசை களமிறங்கவே இல்லை. அதன்பின் விதியை மாற்றினார்கள்: பிளே-ஆஃப் ஆட்டங்களில் இனி இரண்டு அணிகளுக்கும் ஒருமுறையேனும் பந்து கிடைக்கும்.

புதிய விதி முதன்முதலில் பயன்பட்டது 2024 பெப்ரவரி சூப்பர் பவுலில். காசு சுண்டலில் வென்ற சான் ஃபிரான்சிஸ்கோ 49அர்ஸ் முதலில் பந்தைக் கேட்டுப் பெற்று மூன்று புள்ளி எடுத்தது. சீஃப்ஸ் டச்டவுன் எடுத்து 25-22 என வென்றது. இரண்டாவதாக ஆடியிருக்க வேண்டும் என்று பயிற்சியாளர் கைல் ஷானஹனை நாடே ஏசிற்று. காசைச் சுண்டுவதற்கு முன் அம்முடிவு எத்தனை விழுக்காடு சரி என்று தம்பியிடம் கேட்டேன்.

ஒருநாள் முழுக்கக் கணக்குப் போட்டுவிட்டு, "ஐம்பதுக்கு ஐம்பது" என்று பதில் எழுதியிருந்தான்.