எங்க வீட்டு கடலையும் அவன் மூக்கும்

இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சிட்டு இருந்த சுயபுராணம் ஒண்ணை எடுத்து விடறேன். ஹீரோ நான் இல்ல, அதனால தைரியமா படிக்கலாம் :-)

மொதல்ல கொஞ்சம் கொசுவத்தி. நமக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம், கரிசக்காடு. தாத்தா இளவட்டமா இருந்த 1960கள்ல வீட்ல சிப்பிப்பாறை நாய் இருந்துச்சாம். காட்டுல முயல் எழும்பினா போதும், நாய் அதைக் கண்ணால பிடிச்சுக்கும், அப்புறம் அம்பு மாதிரி ஓட்டம். முயல் புதருக்குள்ள போய் மறைஞ்சுட்டா தலையைத் தூக்கி நாலு பக்கமும் பார்த்துட்டு, தாத்தா ஒரு சீட்டி அடிச்சதும் திரும்பி வந்துருமாம். "அதுக்கு உசுரே கண்ணுலதாம்ல இருக்கு"ன்னு சொல்வார். (1972 வனவிலங்குச் சட்டத்துக்கு அப்புறம் முயல் வேட்டை குத்தம். தாத்தாவும் விட்டுட்டார். யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க.) இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்ததால நாய்னா கூப்பிட்டா வரும்னு ஒரு முடிவோட இருந்தேன்.

2022ல பெங்களூர்ல நாங்க எடுத்து வந்தது பீகிள். கடையில வாங்கினது இல்ல. மருந்துப் பரிசோதனைக் கூடத்துல இருந்து விடுவிச்ச நாய். உலகம் முழுக்க இந்தப் பரிசோதனைகளுக்கு அதிகம் பயன்படுத்தற இனம் பீகிள்தான். சின்ன உருவம், கூட்டமா சேர்ந்து இருக்கும், சாதுவான குணம். ஊசி போட்ட கையையே அடுத்த நிமிஷம் நக்கும். அந்த நல்ல குணம்தான் அதுக்கு வினையாப் போச்சு.

தன்னார்வலர்கள் வந்து வீட்டை, பால்கனியை, எங்களை எல்லாம் பார்த்து, பொண்ணு பார்க்க வந்தப்போ எங்க மாமனார் கேட்டதைவிட அதிகமா கேள்வி கேட்டுட்டுத்தான் குடுத்தாங்க. வயசு அஞ்சு இருக்கும்னாங்க. இடது காதைத் தூக்கிப் பார்த்தா உள்ள பச்சை குத்தின நம்பர். பேர் கிடையாது. வறுத்த கடலை கலர்ல முதுகு இருந்ததால தங்கமணி 'கடலை'ன்னு வச்சிட்டா. "மணி பத்தாச்சு, இன்னும் கடலையோட என்ன பண்றே"ன்னு அம்மா போன்ல கேட்டப்ப பக்கத்துல இருந்த மச்சான் சிரிச்ச சிரிப்பு இருக்கே, அதைத் தனியா எழுதணும்.

மொத ஒரு மாசம் அவன் நாய் மாதிரியே இல்ல. சுவரை ஒட்டியே நடப்பான். மாடிப்படி பார்த்தா அப்படியே நின்னுடுவான், ஏன்னா வாழ்க்கையில படியே பார்த்ததில்ல. குக்கர் விசில் அடிச்சா சோபாவுக்கு அடியில. பார்க்குல புல்லு மேல இறக்கி விட்டேன், சுடற தரையில நிக்கற மாதிரி ஒவ்வொரு காலா தூக்கித் தூக்கி வச்சான். குரைக்கவே இல்ல. ஊமையோன்னு டாக்டர்கிட்ட கேட்டேன்.

எனக்கு ரொம்ப உறுத்தினது வேற. அவன் எதையும் மோந்து பார்க்கல.

பீகிள் இங்கிலாந்துல முயல் வேட்டைக்குன்னே உருவாக்கின இனம். சிப்பிப்பாறைக்கு நேர் எதிர். முயலைப் பார்க்கவே வேண்டாம், அது எப்பவோ போன தடத்தை மூக்கால படிச்சுக்கிட்டே கூட்டமா போகும். மனுஷங்க பின்னாடி நடந்தே போவாங்க. வால் நுனி வெள்ளையா இருக்கறது உயரமான புல்லுக்குள்ள நாய் எங்க இருக்குன்னு தெரியத்தான். நம்ம மூக்குல மோப்பத்துக்கான உணர் செல்கள் சுமார் 50 லட்சம், பீகிளுக்கு 20 கோடிக்கும் மேல. மூச்சை வெளிய விடறது மூக்கோட பக்கவாட்டுக் கீறல் வழியா, அதனால முன்னாடி இருக்கற வாசனை கலையாது. 1984ல லாஸ் ஏஞ்சலஸ் ஏர்போர்ட்ல பயணிகள் பெட்டியில ஒளிச்சுக் கொண்டு வர பழம், கறி எல்லாம் கண்டுபிடிக்க அமெரிக்க விவசாயத் துறை நியமிச்சது இந்த ஆளைத்தான். அப்பேர்ப்பட்ட மூக்கை வச்சுக்கிட்டு அஞ்சு வருஷம் கூண்டுல பினாயில் வாசனையை மட்டும் மோந்துட்டு இருந்திருக்கான்.

ஏழாவது வாரம், ராத்திரி மழை பெஞ்ச ஒரு காலைல, குப்பைத்தொட்டிக்குப் பக்கத்துல திடீர்னு நின்னான். மூக்கு தரையைத் தொட்டுச்சு. வால் கொடிக்கம்பம் மாதிரி எழும்பிச்சு. பெருச்சாளி எதுவோ போயிருக்கும் போல. சுவரோரமா ஒரு இருபது அடி என்னை இழுத்துட்டுப் போய், தலையைத் தூக்கி ஒரு சத்தம் குடுத்தான் பாருங்க! குரைப்புன்னும் சொல்ல முடியாது, ஊளைன்னும் சொல்ல முடியாது. நாலாவது மாடியில ஒரு ஜன்னல் தொறந்துச்சு. நான் பாட்டுக்கு நடு ரோட்ல நின்னு அழுதுட்டு இருக்கேன். வாட்ச்மேன் என்ன நெனச்சாரோ தெரியல.

அதுக்கப்புறம் வீட்ல மூக்கு ராஜ்ஜியம். ஃப்ரிட்ஜ் கதவு சத்தத்துக்கு முன்னாடி அவன் அங்க இருப்பான். சாப்பாட்டுக்கு 'போதும்'ங்கற வார்த்தையே கிடையாது, அளந்துதான் வைக்கணும், இல்லன்னா மூணே மாசத்துல உருளைக்கிழங்கு ஆயிடுவான். ஒரு தடவை சர்க்கரைப் பொங்கல் கிண்ணத்தைத் தட்டி விட்டுட்டான். அதுல இருந்த காஞ்ச திராட்சைக்காக ராத்திரி பத்து மணிக்கு டாக்டர்கிட்ட ஓடி வாந்தி எடுக்க வைக்க வேண்டியதாப் போச்சு (திராட்சை நாய்க்கு கிட்னியைக் கெடுக்கும் மக்களே, வீட்ல நாய் இருக்கறவங்க ஞாபகம் வச்சுக்குங்க). தொங்கற காதுக்குள்ள காத்து போகாது, ஈரம் தங்கி நாறும். வாராவாரம் தூக்கிப் பார்த்துத் தொடைக்கணும். அப்ப எல்லாம் அந்த நம்பரையும் பார்க்கணும்.

இப்ப நான் பண்ணின முட்டாள்தனத்துக்கு வரேன். வீட்டுக்குள்ள "கடலை"ன்னா ஓடி வரான், பிஸ்கட் வாங்கிக்கறான். சரி பழகிட்டான்னு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஏரிக்கரைப் பக்கம் காலி மனையில கயிறை அவுத்து விட்டேன். ரெண்டு நிமிஷம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் மூக்கு கீழ போச்சு. கூப்பிட்டேன். கத்தினேன். பிஸ்கட் பாக்கெட்டைக் குலுக்கினேன். காது ரெண்டும் கரண்ட் கட் ஆன மாதிரி. புதரைத் தாண்டி அந்த வெள்ளை வால் நுனி தெரிஞ்சுச்சு, அப்புறம் தெரியல.

அந்தப் பக்கம் மெயின் ரோடு. ராத்திரியானா லாரி. இந்தப் பக்கம் பத்துப் பன்னெண்டு தெருநாய். நானும் தங்கமணியும் ஒன்பதரை மணி வரைக்கும் அலைஞ்சோம். அவ ஒரு வார்த்தை கூட திட்டல, அதுதான் பயமா இருந்துச்சு. அவனைக் குடுத்த தன்னார்வலருக்குப் போன் பண்ணினேன். "கத்தாதீங்க, கூட்டம் சேர்க்காதீங்க, இந்த மாதிரி நாய் பயந்து இன்னும் தூரமா போயிடும். தொலைஞ்ச இடத்துக்கே போய், நீங்க போட்டிருக்கற துணியைக் கழட்டிக் கீழ போட்டுட்டு சும்மா உக்காருங்க"ன்னாங்க.

டி-ஷர்ட்டைக் கழட்டிப் போட்டுட்டு பனியனோட உக்காந்தேன். நாலு நாளா துவைக்காத டி-ஷர்ட். பதினோரு மணிக்கு ஆபீஸ்ல இருந்து போன், சர்வர் படுத்துடுச்சாம். நாய் காணோம்னேன். "நாய்தானே"ன்னார். கட் பண்ணிட்டேன். கொசு பிடுங்கி எடுத்துச்சு. கூண்டுலயே விட்டிருந்தா உயிரோடவாவது இருந்திருப்பானேன்னு கூட ஒரு நெனப்பு வந்து போச்சு.

மூணே முக்காலுக்குக் கழுத்துப்பட்டை மணி மாதிரி ஒரு சத்தம். டார்ச் அடிச்சேன். கடலைதான். தலை கீழயே இருக்கு. நான் பத்தடி தூரத்துல வெளிச்சத்தோட உக்காந்திருக்கேன், நிமிர்ந்தே பார்க்கல. சாயங்காலம் போன அதே வழியில, உடைஞ்ச சுவரை அப்ப எப்படி சுத்தினானோ அப்படியே சுத்தி, தன் தடத்தைத் தானே படிச்சுட்டு வரான். டி-ஷர்ட்கிட்ட வந்தான். அங்க இருந்து என் செருப்பு. முட்டி. உள்ளங்கை. நல்லா ஒரு தடவை இழுத்து மோந்தான். அதுக்கு அப்புறம்தான் தலையைத் தூக்கி மூஞ்சியைப் பார்த்தான், வால் ஆடுச்சு. தங்கமணிக்குப் போன் போட்டேன், பேச்சே வரல. அவளே புரிஞ்சுக்கிட்டா.

அன்னிலேருந்து வெளிய போனா ஹார்னெஸ், அதுல பத்து மீட்டர் கயிறு. வழியை அவன் முடிவு பண்ணுவான், நான் பின்னாடி. ஒரே புல்லுக் கொத்தை அஞ்சு நிமிஷம் படிச்சாலும் இழுக்க மாட்டேன்.

போன மாசம் தாத்தா கண் ஆபரேஷனுக்காக எங்க வீட்டுக்கு வந்தார். கண்புரை. முடிஞ்சு நாலு வாரம் ஆச்சு. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு காலைல கடலையை அவர்தான் கூட்டிட்டுப் போறார். "தாத்தா, கயிறைக் கையில மட்டும் சுத்திக்காதீங்க"ன்னு தங்கமணி தினமும் வாசல் வரைக்கும் வந்து சொல்லுவா. மொத நாள் அவருக்கு ஒரே சந்தேகம். "ஏலே, இவன் குனிஞ்சு குனிஞ்சு என்னத்தப் பாக்கான்? கண்ணு தெரியாதோ?"

"பாக்கல தாத்தா. மோந்துக்கிட்டு இருக்கான்."

நேத்து ஆறே காலுக்குப் போனவங்க ரெண்டு பேரும் ஏழரைக்குத்தான் திரும்பி வந்தாங்க. ஏரி வரைக்கும் போயிட்டீங்களான்னு கேட்டேன்.

"எங்கிட்டுப் போக? அந்தா இருக்குல்லா கரண்டு கம்பம், அதுவரைக்கும்தான்"னு சொல்லிட்டு, குனிஞ்சு அவன் காலைத் துணியால தொடைச்சு விட ஆரம்பிச்சார்.