ஒரு நிமிடம் எண்ணு

எஸ்பிஎம் முடித்து தாதிமை டிப்ளோமாவில் சேர்ந்தபோது, பிரிக்பீல்ட்ஸ் மாமா ஒரே கேள்விதான் கேட்டார்: "ஏம்மா, டாக்டருக்குக் கிடைக்கலையா?" தோட்டத்தில் வளர்ந்த பாட்டிக்கு மட்டும் மகிழ்ச்சி. பேத்தி 'மிஸ்ஸி' ஆகப் போகிறாள்!

உண்மையில் என் எண்ணமும் மாமாவின் எண்ணம்தான். டாக்டர் சொல்வார், தாதி செய்வாள். அன்பாகப் பேசத் தெரிந்தால் போதும். வகுப்பில் பலரும் அப்படித்தான் நினைத்திருந்தோம். நைட்டிங்கேல் என்றால் எங்களுக்குக் கைவிளக்கேந்திய காரிகை. போரில் இறந்த வீரர்களின் கணக்கை 1858இல் வரைபடமாக்கி அரசாங்கத்தைக் கேள்வி கேட்டவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டாம் ஆண்டில் வார்டுப் பயிற்சி. கிள்ளானிலிருந்து விடியற்காலையில் கோமூட்டர் பிடிப்பேன். காய்ச்சல், நாடி, இரத்த அழுத்தம் மூன்றுக்கும் கருவி உண்டு. மூச்சை மட்டும் மார்பைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இருபது கட்டிலுக்கு இருபது நிமிடம், யார் எண்ணுவது? எல்லாருக்கும் '20' என்று எழுதிவிடுவேன். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு என்று படித்திருந்தேன் அல்லவா, வம்பில்லாத எண்!

நிமோனியாவுக்குச் சேர்ந்திருந்த ஒரு தாத்தாவுக்கும் அதையே எழுதினேன். ஸ்டாஃப் நர்ஸ் சார்ட்டைப் பார்த்தார். பிறகு தாத்தாவின் மார்பைப் பார்த்தார்.

"எண்ணினியா?"

நான் பேசவில்லை. தன் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். எண்ணினேன். 32.

இரத்த அழுத்தம் சரியாகத்தான் இருந்தது. தாத்தாவும் "ஒன்னுமில்லம்மா" என்றார். ஆனால் ஸ்டாஃப் நர்ஸ் ஆக்சிஜனை வைத்துவிட்டு டாக்டரை அழைத்தார். குரலில் கெஞ்சல் இல்லை. எண்களைச் சொல்லி, "இப்பவே வந்து பாருங்க டாக்டர்" என்றார். அன்று மாலையே தாத்தா ஐசியூவுக்குப் போனார். பத்து நாள் கழித்து வார்டுக்குத் திரும்பியவர் என்னிடம் கேட்டது, சீனி குறைத்து ஒரு மைலோ.

யாரும் என்னைத் திட்டவில்லை. அந்த 20ஐ ஒற்றைக் கோட்டால் அடித்து, 32 என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கை நடுங்கியது. 1950ஆம் ஆண்டு தாதியர் சட்டப்படி நம் பெயரில்தான் பதிவு, நம் பெயரில்தான் ஆண்டுச் சான்றிதழ். டாக்டரின் பெயரில் இல்லை. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த இந்தப் பாடம் அன்றுதான் புரிந்தது.

இப்போது என் வார்டுக்கும் மாணவிகள் வருகிறார்கள். சார்ட்டில் 20, 20, 20 என்று வரிசையாக இருந்தால், கடிகாரத்தைக் கழற்றுகிறேன்.