மெய்யும் மெய்ந்நிகரும்

தொல்காப்பியம் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. அது பிறக்கும் களங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கைச் சுட்டுகிறது அந்நூல். நமக்கு வாய்த்த அச்சமோ அந்நான்கிலும் அடங்காதது. உயரத்தைக் கண்டால் நடுக்கம்.

நான்காம் மாடியில் குடியிருந்தும் பல ஆண்டுகளாக நாம் பால்கனிப் பக்கம் போவதில்லை. நிலவைக் காட்ட மகள் அழைப்பாள். ஏதேனும் வேலையைச் சொல்லித் தப்பிவிடுவோம். அண்மையில் அவள் அழைப்பதையே நிறுத்திவிட்டாள். அது உறைத்தது. அச்சத்தைப் பற்றித் தேடிப் படிக்கலானோம்.

உளவியலாளர் மௌரர் 1947இல் தந்த விளக்கம் எளியது. அஞ்சியதை விட்டு விலகியதும் ஒரு நிம்மதி கிடைக்கிறது. அந்நிம்மதியே அடுத்த முறையும் விலகத் தூண்டுகிறது. விலகிக்கொண்டே இருப்பவர், தாம் அஞ்சியது நிகழாது என்பதை அறியவே வாய்ப்பில்லை.

இந்த வட்டத்தை உடைக்க மெய்ந்நிகர் உலகம் துணைக்கு வந்தது. அமெரிக்காவின் பார்பரா ரோத்பாம் குழுவினர் 1995இல் வெளியிட்ட ஆய்வில், உயரத்துக்கு அஞ்சிய கல்லூரி மாணவர்களுக்குக் கணினி வரைந்த நடைபாலம், பால்கனி, கண்ணாடி மின்தூக்கி ஆகியவற்றைப் படிப்படியாகக் காட்டினர். அச்சம் தணிந்தது. சிகிச்சையை முடித்த பத்துப் பேரில் எழுவர், எவரும் சொல்லாமலே, வெளியே உண்மையான உயரங்களையும் அணுகிப் பார்த்தனர். 2018இல் ஆக்ஸ்ஃபோர்டின் டேனியல் ஃபிரீமன் குழுவினர் 100 பேரிடம் நடத்திய ஆய்வில் மருத்துவருக்குப் பதிலாகக் கணினியில் தோன்றும் பயிற்றுநரே வழிகாட்டினார். மரத்தில் சிக்கிய பூனையை மீட்பதும் பயிற்சிகளுள் ஒன்று. பயிற்சி பெற்றோரின் அச்சம் சராசரியாக 68 விழுக்காடு குறைந்தது.

காண்பது படம் என்று அறிந்தும் உடல் ஏன் நடுங்குகிறது? வட கரோலினாவில் 2002இல் வெளியான ஆய்வொன்றில், தட்டையான தரையில் நின்றோருக்குக் கருவி ஆழ்ந்த குழியைக் காட்டியது; இதயத் துடிப்பு ஏறியது. காலடியில் ஒன்றரை அங்குல மரப்பலகை வைத்ததும் இன்னும் ஏறியது. உடலுக்கும் உண்மைக்கும் தமிழில் ஒரே சொல், மெய். அறிவு பொய்யென்று சொல்வதை உடல் மெய்யென்றே கொள்கிறது. ஆகவே அதற்குச் சொல்லிப் புரியவைக்க இயலாது. பழக்கித்தான் காட்ட வேண்டும்.

அக்கருவி நம்மிடம் இல்லை. படிப்படியாக அணுகும் முறைக்கு அது கட்டாயமும் அன்று. இப்போது பால்கனிக் கதவைத் திறந்து வைத்து, உள்ளே நாற்காலி போட்டுப் படிக்கிறோம். வாரத்துக்கு ஒரு சாண் அதை முன்னே நகர்த்துகிறோம். வாசலுக்கு இன்னும் மூன்று சாண் இருக்கிறது, அன்பர்களே.