கடைப் பலகாரமும் வீட்டு விருந்தும்

தீபாவளி நெருங்கும்பொழுது அயலூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு கவலையும் உடன் வந்து சேர்கிறது. சொந்த ஊரில் இருந்தால் அத்தையும் சித்தியும் பெரியம்மாவும் கூடிப் பலகாரம் சுடுவர். ஒருவர் மாவு பிசைய, ஒருவர் பிழிய, மற்றொருவர் அடுப்பருகே நிற்பார். இங்கோ அத்தனை வேலையும் ஒருத்தியின் தலையில் விழுகிறது. நம் இல்லத்தில் இது குறித்து நிகழ்ந்தவற்றை எடுத்துரைப்பது அன்பர்களுக்குப் பயன்படக்கூடும் என்று கருதி இதனை எழுதுகிறோம்.

நாம் செகந்தராபாத்தில் இரயில்வே எழுத்தராய்ப் பணி புரிகிறோம். மெட்டுகூடாவில் வாசம். தெலுங்கர், மராட்டியர், உருது பேசும் முஸ்லிம் நண்பர்கள் எனப் பலரும் தீபாவளியன்று நம் வீட்டுக்கு வருவது வழக்கம். தமிழர் வீட்டு முறுக்குக்கும் அதிரசத்துக்கும் அலுவலகத்தில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை நாம் நம்முடையதாகவே எண்ணி மகிழ்ந்து வந்தோம்.

2022-ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு நம் மனைவியார் மூன்று இரவுகள் அடுப்பின் முன் நின்றார். பகலில் பள்ளிக்கூட வேலை. இரவில் பலகார வேலை. பண்டிகையன்று இருபது பேருக்கு மேல் வந்தனர். நாம் கூடத்தில் அமர்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். தட்டுகள் மட்டும் உள்ளிருந்து வந்துகொண்டேயிருந்தன. விடைபெறும் நேரத்தில் ஒரு நண்பரின் துணைவியார், “அம்மா ஊருக்குப் போயிருக்கிறார்களா? பார்க்க முடியவில்லையே!” என்று கேட்டார். பத்தடி தொலைவில், சூடான எண்ணெய் தெறித்த கையில் மருந்து தடவிக்கொண்டு மனைவியார் சமையலறையில் நின்றிருந்தார். அந்தக் கேள்வி நம்மை வருத்தியது. எனினும் நாம் ஒன்றும் சொல்லவில்லை.

மறு ஆண்டு கடையில் வாங்குவது என்று முடிவு செய்தோம். ஐதராபாத்தில் இதற்குக் குறையில்லை. தெருவுக்குத் தெரு ‘ஸ்வகிருஹா’ என்ற பெயர்ப் பலகையைக் காணலாம். ‘சொந்த வீடு’ என்பது பொருள். வீட்டுப் பக்குவத்தில் செய்த தின்பண்டங்களை நிறுத்து விற்கும் கடைகள் அவை. நம் தட்டை அங்கே செக்கலு, முறுக்கு ஜந்திகலு, அதிரசம் அரிசெலு, சோமாசி கஜ்ஜிகாயலு. பெயர்தான் வேறு, பச்சரிசி மாவும் வெல்லமும் எள்ளும் ஒன்றே. தெலங்கானாவின் சகினாலும், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்திரேயபுரத்துப் பூதரேகுலும் நமக்குப் புதியவை. குழந்தைகளுக்கோ அவையே விருப்பமானவை.

அவ்வாண்டு மாயவரத்திலிருந்து நம் தாயாரும் வந்திருந்தார். உயர் அலுவலர் ஒருவர் அதிரசத்தைச் சுவைத்து, “வீட்டில் செய்ததா?” என்று வினவினார். “எல்லாம் வீட்டில் செய்தவைதாம்” என்று கூசாமல் கூறிவிட்டோம். தாயார் நம்மை ஒரு முறை பார்த்தார், பேசவில்லை.

இரவு மனைவியார் சொன்னது இன்றும் செவியில் ஒலிக்கிறது: “செய்யாத வேலைக்கு இன்று எனக்குப் பெயர் வாங்கித் தந்தீர்கள். போன வருஷம் செய்த வேலைக்கு ஒரு வார்த்தை சொன்னீர்களா?” விடை சொல்ல நம்மிடம் ஒன்றும் இல்லை. பலகாரத்தின் பெருமையை நாம் எடுத்துக்கொண்டு, அதன் வெப்பத்தை மட்டும் அவரிடம் விட்டிருந்தோம்.

கடைப் பொருளைப் படைத்தால் விருந்தினருக்கு மதிப்புக் குறையும் என்ற அச்சமே அந்தப் பொய்க்குக் காரணம். சற்றே எண்ணிப் பார்த்தால் அந்த அச்சத்துக்கு இடமில்லை. ரம்ஜான் மாதத்தில் நம் முஸ்லிம் நண்பர் ஹலீம் வாங்கி வந்து பகிர்கிறார். 2010-இல் புவிசார் குறியீடு பெற்ற ஐதராபாத் ஹலீமை மக்கள் பெரும்பாலும் உணவகத்தில் வாங்கியே உண்கின்றனர். அதனால் அவர் அன்பு குறைந்தது என்று நாம் ஒரு நாளும் எண்ணியதில்லை. பிரிவினையின்போது சிந்து நாட்டை விட்டு வந்த ஒருவர் 1953-இல் இந்நகரில் தொடங்கியது கராச்சி பேக்கரி. அதன் பழ பிஸ்கட்டை ஊருக்குச் செல்லும்போதெல்லாம் பெட்டி பெட்டியாய் நாமே சுமந்து செல்கிறோமே!

ஆயத்த உணவு சோம்பலின் பிள்ளையும் அன்று. பெங்களூரின் மாவல்லி டிபன் ரூம்ஸ் 1924-இல் தொடங்கியது. உலகப் போர்க் காலத்தில் அரிசி கிடைக்காதபோது ரவை இட்லியை ஆக்கியது அது. 1970-களில் நெருக்கடி நிலையின்போது உணவின் விலைக்கு வரம்பு விதிக்கப்பட்டு உணவகம் நட்டமுறவே, ஆயத்த மாவு வகைகளை விற்க முற்பட்டது. முடைதான் வழி காட்டிற்று.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். 2024-இல் ஐந்து வகையில் நான்கு கிலோ வாங்கினோம். ஏறத்தாழ 1,800 ரூபாய் ஆயிற்று. அதையே வீட்டில் செய்தால் மாவு, வெல்லம், எண்ணெய், நெய், எரிவாயு எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய் ஆகும். அவ்வாண்டு இரயில்வே ஊழியருக்கு அளித்த 78 நாள் போனஸ் உச்ச அளவில் 17,951 ரூபாய். அதில் 600 ரூபாய் கொடுத்து மூன்று இரவுத் தூக்கத்தை மீட்டுத் தந்தோம். இதைவிட மலிவான பண்டம் ஒன்று கடைத்தெருவில் கிடைக்குமென்று தோன்றவில்லை.

வாங்கும்போது சிலவற்றைக் கவனித்தல் நலம். உறையில் அடைத்த பண்டமாயின் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் தயாரித்த நாளும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். உறையின்றி விற்கும் இனிப்புகளுக்கும் எந்நாள் வரை உண்ணலாம் என்பதைக் கடையில் எழுதி வைக்கவேண்டும் என்று 2020 அக்டோபர் 1 முதல் ஆணை நடைமுறைக்கு வந்தது. காறல் வாடை வீசினால் பழைய எண்ணெய் என்று அறிந்து விலகலாம். முறுக்கு, தட்டை முதலியவற்றை நான்கைந்து நாள் முன்னரே வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்கலாம். பால்கோவா போன்ற பால் இனிப்புகளைப் பண்டிகைக்கு முதல் நாள் வாங்குவதே முறை.

எல்லாவற்றையும் கடைக்கு விட்டுவிடவும் இல்லை. தீபாவளி இலேகியம் மட்டும் வீட்டில் கிளறுகிறோம். இஞ்சி இடிப்பது நம் பங்கு. வெல்லப் பாகு மனைவியார் பங்கு. நெய் ஊற்றுவது குழந்தைகளின் பங்கு. அரை மணி நேரத்தில் முடிகிறது.

2024-இல் தாயார் மீண்டும் வந்தார். விருந்தினர் கேட்குமுன்னரே, “பலகாரம் ஸ்வகிருஹாவில் வாங்கியது; இலேகியம் எங்கள் கைவேலை” என்று கூறிவிட்டோம். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கடை எங்கே உள்ளது என்று இருவர் கேட்டறிந்தனர். மனைவியார் புதுச் சேலையுடன் கூடத்தில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார். அருகே அமர்ந்த தாயார் அரிசெலுவைக் கிள்ளிச் சுவைத்து, “ஏலக்காய் போதவில்லை” என்றார். பின்னர் தாழ்ந்த குரலில், “நாற்பது தீபாவளி பண்ணியிருக்கிறேன், தம்பி. வந்தவர்களோடு உட்கார்ந்து பேசுவது இதுதான் முதல் தடவை” என்றார்.

நம் வீட்டுக்கு வந்துபோன விருந்தினரை நம் தாயார் நாற்பது ஆண்டுகள் பாராமலே இருந்திருக்கிறார். அதை அன்றுதான் நாம் அறிந்தோம். வரும் தீபாவளிக்கு அன்பர்கள் இல்லங்களிலும் கூடத்தில் ஓர் இருக்கை கூடுதலாகப் போடப்படுமாக.