வெயில் ஏறுமுன்

மகளை ஏற்றிக்கொள்ள மதியம் ஒரு மணிக்கே பள்ளி வாசலில் போய் நின்றுவிடுகிறேன். சுங்கைப்பட்டாணியின் மார்ச் மாத வெயிலில் அவள் பத்து நிமிடம் காத்திருந்தாலும் என் மனம் தாங்காது. வண்டியில் ஏறியதும் முதலில் அவள் உதட்டைப் பார்ப்பேன். பிறகு தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிப் பார்ப்பேன். போத்தல் கனத்தால் எனக்குக் கோபம் வரும், உடனே பயமும் வரும். அவளுக்கு ஒன்பது வயது. கணக்குப் புத்தகத்தோடு இளைப்புக்கான நீல பம்ப்பும் அவள் பையில் போகிறது.

என் அம்மா பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். “வெயில் ஏறுனா பால் நின்னுரும்” என்பது எங்கள் லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விடியுமுன் மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது வெட்டினால் பால் நன்றாக இறங்கும். சூடு ஏற ஏற இலை வழியே தண்ணீர் போய், அழுத்தம் குறைந்து, பால் வடிவது மட்டுப்படும். அதனால்தான் இருட்டிலேயே பிரட்டு, ஆள் கணக்கெடுப்பு. அம்மா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிறைக்குள் நுழைவார். உச்சி வெயிலுக்கு முன்னால் பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, என்னைத் தூக்கிப்போக ஆயாக் கொட்டகைக்கு வருவார். அவர் சேலையில் ஒட்டுப்பால் வாடை அடிக்கும்.

அந்த வாழ்க்கை திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. இலையுதிர் மாதங்களில் பால் குறைந்து, வீட்டில் சோறும் குறைந்ததை நான் பார்த்திருக்கிறேன். அங்கே இருந்த நிழலும் எங்களுக்காக வளர்க்கப்பட்டதில்லை. ஆனாலும் ஒன்று உண்மை. ஒரு மரத்தின் பால் நிற்கக்கூடாது என்பதற்காக ஆயிரக்கணக்கான மனிதர்களின் நாளையே இருட்டிலிருந்து தொடங்கும்படி அமைத்தார்கள். வெயிலைக் கணக்கில் வைத்து வேலை நேரத்தை வகுக்க முடியும் என்பது எங்கள் கெடா மாநிலத்துக்குப் புதிய செய்தியே அல்ல.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையை அழித்துத் தாமான்கள் என்ற குடியிருப்புகள் வந்தன. நான் இப்போது குடியிருப்பதும் அப்படி ஒரு தாமானில்தான். சிமெண்டுத் தரை, தார்ச்சாலை, வீட்டு முன்னால் இரண்டு பூந்தொட்டிகள். பகலில் குடித்த சூட்டை அந்தத் தரை இரவெல்லாம் திருப்பிக் கொடுக்கிறது. உலகம் முழுதும் சூடாகிறது. பதிவானவற்றிலேயே மிக வெப்பமான ஆண்டு 2024 என்று உலக வானிலை அமைப்பு சொன்னது. அந்தச் சூடு என் மகளிடம் வந்து சேர்வது இந்தச் சாலை வழியாகத்தான்.

வடக்கில் இருக்கும் நமக்கு வறட்சி புதிதல்ல. மலேசியாவில் இதுவரை பதிவான மிக உயர்ந்த வெப்பம், பக்கத்துப் பெர்லிசின் சுப்பிங்கில் 1998 ஏப்ரலில் பதிவான 40.1 பாகை. 2016 ஏப்ரலில் பெர்லிஸ் முழுதும், கெடாவில் பெண்டாங், குபாங் பாசு மாவட்டங்களிலும் வெயிலுக்காகவே பள்ளிகளை இரண்டு நாள் மூடினார்கள். 2023 ஏப்ரல் கடைசியில் கிளந்தானில் 11 வயதுப் பையன் ஒருவன் வெப்பத்தாக்கால் இறந்தான். அந்தச் செய்தியைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. எழுந்துபோய் மகளின் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பிள்ளைகளின் உடல் பெரியவர்களுடையதைவிட விரைவில் சூடேறும், வேர்வையும் குறைவு. விளையாட்டு மும்முரத்தில் தாகமும் தெரியாது. நம் ஊர்க் காற்றிலோ ஈரம் அதிகம். வேர்த்தாலும் அது உலராது. உலராத வேர்வை உடலைக் குளிர்விக்காது.

மழை வந்தால் நிம்மதி என்றும் சொல்வதற்கில்லை. 2021 ஆகஸ்ட் 18 அன்று ஜெராய் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் யான் பக்கம் உயிர்களைக் கொண்டுபோனது. 2022 ஜூலை 4 அன்று பாலிங்கின் கூப்பாங்கில் இனாஸ் மலைச் சேறும் மரங்களுமாக வந்த வெள்ளத்தில் மூவர் இறந்தார்கள், ஒருவர் கர்ப்பிணி. மலையில் காட்டை அழித்து டுரியான் நட்டதுதான் காரணமா என்று நாடே பேசியது. எங்கள் வீட்டிலிருந்து ஜெராய் தெரியும். மழை கறுத்தால் மகள் ஜன்னலுக்கு ஓடி, “அம்மா, மலை இருக்கா?” என்று கேட்பாள். இருக்கும்மா என்று சொல்வேன். வேறு என்ன சொல்வது?

புகைமூட்ட நாட்களைச் சொல்லவே வேண்டாம். 2019-இல் அவள் சின்னக் குழந்தை. நனைத்த துணியைக் கதவிடுக்கில் செருகிவிட்டு, அவள் மூச்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுபடி வெயிலுக்கே வருகிறேன். வானிலை ஆய்வுத் துறை வெப்பத்துக்கு மூன்று நிலை வைத்திருக்கிறது. மூன்று நாள் தொடர்ந்து 35 பாகை தொட்டால் முதல் நிலை, 37-ஐத் தாண்டினால் இரண்டாவது, 40-ஐத் தாண்டினால் மூன்றாவது. எச்சரிக்கை வந்தால் திடலுக்குப் போகாதே என்கிறோம். நல்லதுதான். ஆனால் கருவி அளப்பது நிழலில் உள்ள காற்றை. பிள்ளை நிற்பது வெயிலில். 34 பாகை என்று அறிவித்த நாளிலும் காலை பதினொரு மணிக்கு ஓட்டப் பயிற்சி ஆபத்துதான். எச்சரிக்கைக்காகக் காத்திருக்காமல் உடற்கல்வியை முதல் பாடமாக வைக்கலாம். புறப்பாட நடவடிக்கையை வெயில் தாழ்ந்த பிறகு வைக்கலாம். பேருந்துக்குப் பிள்ளைகள் நிற்கும் இடத்தில் கூரை போடலாம். திடல் ஓரத்தில் நாம் இன்று நடும் மரத்தின் நிழலில், இப்போது பாலர் பள்ளியில் இருக்கும் பிள்ளை ஆறாம் ஆண்டில் நிற்கும்.

உலகத்தின் சூட்டைக் குறைக்க ஒரு தாயால் முடியாது. அதை அரசுகளும் பெரிய நிறுவனங்களும் செய்தாக வேண்டும், அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். பள்ளியின் கால அட்டவணை நம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு நீங்களும் போங்கள். உங்கள் பிள்ளையின் உடற்கல்விப் பாடம் எத்தனை மணிக்கு என்று முதலில் கேளுங்கள்.