படிப்போரைப் படிக்கும் ஏடு

ஏடு என்பது தன்னைத் திறப்பார்க்கெல்லாம் தன்னை முழுதும் தந்து, அவரைப்பற்றி ஒன்றும் வினவாதிருக்கும் இயல்பினது. பனையோலைச் சுவடியாயினும் அச்சிட்ட புத்தகமாயினும், தன்னைக் கையிலெடுத்தவர் எப்பக்கத்தில் நெடுநேரம் தங்கினார், எவ்வரியைக் கண்டு கண்கலங்கினார் என்பவற்றை அது பிறர்க்கு உரைப்பதில்லை. நூல்நிலையத்தார் எம் பெயரைக் குறித்துக்கொள்வரேயன்றி எம் உள்ளத்தைக் குறித்துக்கொள்ளார். இக்காலத்து இணைய ஏடுகளோ பெரும்பாலும் இவ்வியல்பின் வேறுபட்டன. அவற்றை யாம் படிக்கும்பொழுதே அவை எம்மைப் படிக்கின்றன. இவ்வாண்டு லெந்து நாட்கள் நாற்பதும் அங்ஙனம் படிக்கப்படாமலே படிக்க முயன்றோம். அம்முயற்சியையும் அதனால் யாம் அறிந்தவற்றையும் நண்பர்கட்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் அறிஞர் செர்ன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1989-ஆம் ஆண்டு வையவிரிவு வலைக்குரிய திட்டத்தை வெளியிட்டார். அத்தொடக்ககாலத்தில் இணையப் பக்கமென்பது எழுத்தும், ஒரு பக்கத்தினின்று மற்றொன்றிற்குச் செல்லும் இணைப்புமேயாம். பின்னர் 1995-ஆம் ஆண்டு, நெட்ஸ்கேப் நிறுவனத்திற் பணியாற்றிய பிரெண்டன் ஐக் என்பார் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கணினிமொழியின் முதல் வடிவத்தைப் பத்தே நாட்களில் அமைத்தார். அதுமுதற் பக்கத்தை அனுப்புவோர் எழுத்தோடு கட்டளைகளையும் சேர்த்தனுப்பலாயினர். அக்கட்டளைகள் படிப்பவரது கருவிக்குள்ளேயே வந்து இயங்கும் தன்மையன. விண்ணப்பப் படிவத்தில் ஓர் இலக்கம் விடுபடின் உடனே அதனைச் சுட்டிக்காட்டுவதும், நிலப்படத்தை விரலால் நகர்த்தி நோக்குவதும் அவற்றால் எளிதாயின. இந்நன்மையை மறுப்பார் யார்?

ஆயினும், வீட்டிற்குள் வேலைசெய்ய வந்தவன் அவ்வேலையோடு அமையாது பேழைகளையும் திறந்து பார்ப்பானாயின் அவனை யாங்ஙனம் நம்புவது? திரையின் அளவு, கருவியிலுள்ள எழுத்துருக்கள், காலமண்டலம் முதலியவற்றை இக்கட்டளைகள் கேட்டறியும். தனித்தனியே நோக்கின் இவை அற்பமானவை. ஒன்றாய்ச் சேர்ந்தவிடத்து விரல்ரேகைபோல் ஒருவரைப் பிறரினின்று பிரித்துக் காட்டுவன. எலக்ட்ரானிக் பிரண்டியர் பவுண்டேஷன் என்னும் அமைப்பார் 2010-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பட்ட 4,70,161 உலாவிகளுள் 83.6 விழுக்காடு ஒன்றையொன்று ஒவ்வாத் தனியடையாளம் உடையனவாய்க் காணப்பட்டன. இன்னும், 2017-ஆம் ஆண்டு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர், சில தளங்கள் படிப்பவர் சுட்டியை நகர்த்தும் முறையையும் விசைகளை அழுத்தும் முறையையும் முழுதும் பதிவுசெய்யும் கட்டளைகளை வைத்திருந்தமையை வெளிப்படுத்தினர். எழுதி, அனுப்பாது அழித்துவிட்ட சொற்களும் அங்ஙனம் பிறர் கைக்குச் செல்லக்கூடும். மனத்துள் எழுந்து நாவிற்கு வாராது அடங்கிய சொல்லையும் ஒட்டுக்கேட்டலன்றோ இது!

ஒளித்தற்கு ஒன்றுமில்லாதார் இதற்கு அஞ்சுவானேன் என்று நண்பர் சிலர் எம்மை வினவினர். அவர்கட்கு எம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்றனையே விடையாகக் கூறினோம். சென்ற தைத்திங்களில் எம் அன்னையார்க்குக் கொடிய நோயொன்று உண்டென மருத்துவர் உரைத்தார். எம் தங்கை பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதி முடிக்குங்காறும் அவள் அதனை அறிதலாகாதென்பது அன்னையாரின் விருப்பம். யாம் ஓரிரவு, இல்லத்தார் அனைவர்க்கும் பொதுவாகிய கைபேசியில் அந்நோயின் தன்மையைப்பற்றிச் சில பக்கங்களைப் படித்தோம். ஒருவரிடத்தும் ஒரு சொல்லும் உரைத்திலோம். மூன்றாம் நாள் கணக்குப் பாடம் ஒன்றைத் தேடுவான் வேண்டி அக்கைபேசியை எடுத்த தங்கையின் கண்முன், அந்நோய்க்குரிய மருந்தும் மருத்துவமனையும்பற்றிய விளம்பரங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து நின்றன. அவள் கைபேசியோடு சென்று, "அம்மா, இது யாருக்கு?" என்று வினவினாள். அன்னையார் மறுமொழி கூறாது அடுக்களைக்குட் புகுந்தார். அம்மௌனத்தால் அவள் யாவும் உணர்ந்துகொண்டாள். அன்னையார் இறையருளால் இப்பொழுது நலம்பெற்று வருகின்றார். தங்கையும் தேர்வை எழுதி முடித்தாள். எனினும் மகளிடம் எச்செய்தியை எந்நாளிற் கூறுவதென்று தேரும் உரிமை தாய்க்கேயன்றோ உரியது? அதனை அவர்பால் நின்று பறித்தவர் யாரென்பதும் எமக்குப் புலப்பட்டிலது. மறைத்தற்குரியன யாவும் குற்றங்களல்ல. அன்பினால் மறைக்கப்படுவனவும் உள. செபம்பண்ணுவோன் தன் அறைக்குட் சென்று கதவை அடைத்துக்கொள்ளுமாறு நம் ஆண்டவர் பணித்ததும், கதவடைத்தல் களவன்றென்பதற்குச் சான்றாகும். நம் நாட்டு உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென ஒருமுகமாய்த் தீர்ப்பளித்தனர்.

நிற்க. உலாவியின் அமைப்புகளுட் சென்று ஜாவாஸ்கிரிப்டை இயங்காவண்ணம் நிறுத்துதல் ஓரிரு நொடிச் செயலே. சாம்பற்புதனன்று அதனைச் செய்தோம். மதுரைத் திட்டத்தார் 1998-ஆம் ஆண்டு தொடங்கித் தொகுத்துவரும் தமிழ்நூற் பக்கங்கள் முன்போலவே திறந்தன. தமிழ் விக்கிப்பீடியாவையும் இடையூறின்றிப் படித்தோம். அதனுள் எழுதுதற்கு அமைந்த தட்டச்சு வசதி மட்டும் இயங்காமையால், கருவியின் விசைப்பலகையைக் கொண்டு எழுதினோம். செய்தித்தாட் பக்கங்கள் சில, விளம்பரமெல்லாம் நீங்கி, முன்னினும் விரைவாய் வந்தன. வேறு சிலவோ வெள்ளைத்தாள்போல் வெறுமையாய் நின்றன. கூகிள் தேடுபொறி 2025-ஆம் ஆண்டு ஜனவரி முதல் ஜாவாஸ்கிரிப்டை வேண்டுவதாயிற்று. ஆதலின் டக்டக்கோ என்பதன் எளிய பக்கத்தின்வழித் தேடினோம். தேர்வுக்கட்டணம் செலுத்த வேண்டியவிடத்துப் பொத்தானை அழுத்தியும் ஒன்றும் நிகழாமையால், அத்தளத்திற்குமட்டும் இசைவளித்துப் பணி முடித்து, மீளவும் நிறுத்திவைத்தோம். எவ்வெவ்விடத்து இசைவளிக்கின்றோம் என்பதை அறிந்தே அளித்தமை அந்நாட்களின் தனிப்பயனாகும்.

இவ்வொன்றாலேயே முழுப் பாதுகாப்பும் எய்திவிடும் என்று கருதுதல் பொருந்தாது. கருவியின் இணைய முகவரி பக்கத்தை அனுப்புவோர்க்குத் தெரிந்தே தீரும். 1994-ஆம் ஆண்டு லூ மொண்டுலி என்பார் அமைத்த குக்கி என்னும் குறிப்பும், கண்ணுக்குப் புலனாகாச் சிறு படங்களும் ஜாவாஸ்கிரிப்டின்றியே படிப்பவரைத் தொடரவல்லன. அன்றியும், ஜாவாஸ்கிரிப்டை நிறுத்தினோர் மிகச் சிலரே ஆதலின், அந்நிறுத்தமே ஓரடையாளமாகவும் கூடும். ஊரார் யாவரும் முகந்திறந்து செல்லும் தெருவில் ஒருவன்மட்டும் முகத்தை மூடிச்செல்வானாயின், அவனையன்றோ யாவரும் திரும்பி நோக்குவர்? இதுபற்றியே டோர் உலாவியை அமைத்தோர், அதனைக் கையாள்வோர் யாவரும் இயன்றவரை ஒரே தோற்றத்தினராய்க் காணப்படுமாறு முயல்கின்றனர். எனவே ஒருவர் தம்மைத் தாமே காத்தற்கு மேற்கொள்ளும் நோன்பு ஓரளவிற்கே பயன்படும். பலரும் கூடிக் காக்க வேண்டியதொன்று எஞ்சிநிற்கின்றது.

ஆதலால் அறிவியற் பகுதியிற் பயிலும் எம் நண்பர்கட்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். நாளை நீவிர் மருத்துவமனைகட்கும் பள்ளிகட்கும் அரசினர்க்கும் இணையப் பக்கங்களை அமைப்பீர்கள். செய்தியை முதலில் வெற்றெழுத்திலேயே வைப்பீராக. கட்டளைகள் இயங்கினும் இயங்காவிடினும் அது படிக்கக்கூடியதாய் இருத்தல் வேண்டும். அயலாரது கட்டளை எதனையேனும் உங்கள் பக்கத்துட் சேர்க்குமுன், அஃது யார்பொருட்டு என்ன செய்கின்றதென ஒருமுறை வினவுவீராக. அப்பக்கத்தை நள்ளிரவில் திறப்பவர், தாயின் நோயை அறிய வந்த மகனாகவும் இருக்கலாம்.

லெந்து நாட்கள் கழிந்தன. உணவு நோன்பை உயிர்த்தெழுந்த திருநாளன்று முடித்தோம், இதனையோ முடித்திலோம். எம் உலாவியில் ஜாவாஸ்கிரிப்டு இன்றும் நிறுத்தப்பட்டேயுளது. தேவைப்படும் தளங்கள் ஏழினுக்குமட்டும் இசைவளித்துள்ளோம். விழையும் நண்பர் எம் விடுதி அறைக்கு வரின், அதனைச் செய்யும் முறையை மகிழ்வுடன் காட்டுவோம்.